சிவப்பு டப்பாவின் கடைசி ஊசி

தபால்காரருக்குக் கிராமபோன் ஊசி டப்பா சேர்க்கும் பைத்தியம். வீட்டில் கிராமபோன்தான் இல்லை. "குதிரை இல்லாதவன் லாடம் சேத்த கதை" என்பாள் மனைவி.

போன மாதம் வாங்கிய சிவப்பு டப்பாவில் முப்பது புது ஊசிகள். ஒரு பாட்டுக்கு ஓர் ஊசிதான். பிறகு முனை மழுங்கிவிடும். மறுநாளே ஒன்று மழுங்கிக் கிடந்தது. அன்றுதான், தாலாட்டுகூடப் பாடாத மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே முழுப்பாட்டு ஒன்றைப் பாடியிருந்தாள். அப்புறம் தினம் ஒரு பாட்டு, தினம் ஓர் ஊசி.

இன்று கூர்மையாக மிஞ்சியது ஒன்றே. அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.

"இன்னிக்கு மட்டும் பாடாத, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"நான் எப்பங்க பாடினேன்?" என்று சிரித்தவள், சிரிப்பு அடங்குமுன் பாட ஆரம்பித்தாள். பாட்டு முடிந்தபோது கைக்குள் இருந்த ஊசி மழுங்கியிருந்தது.

"ஏதாவது பேசேன்" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். பாட்டு தீர்ந்த இசைத்தட்டு சும்மா சுற்றும்போது கேட்கும் அந்தக் கர்ர்... கர்ர்... உரசல்தான் வந்தது.