இடது ஓரத்து சாசேஜ்

"அந்த ஆரஞ்சுச் சட்டையைக் கழட்டிட்டு வந்திருக்கலாமே தம்பி. பார்த்தாலே எனக்குக் கண்ணு எரியுது" என்றார் ஹார்லன், அடுப்புக் கரியைக் கிளறியபடி.

வெண்டல் கழற்றவில்லை. ஆட்டத்தன்று ஆஷ்பி கல்லூரிக்காரன் ஆரஞ்சைக் கழற்றுவதாவது! ஆனால் அவன் வந்து நின்றிருந்ததோ எதிரணியான டன்மோர் கல்லூரிக்காரர்களின் நடுவில். அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு வெளியே, கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகளின் பின்கதவைத் திறந்துபோட்டு, காலையிலிருந்து சமைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பச்சைச் சட்டை.

அவன் பெண் கேட்க வந்திருந்தான். ஹார்லனின் மகள் டார்சி முந்தின நாளே சொல்லிக்கொடுத்திருந்தாள். "ஒரே ஒரு வாக்கியம்தான். 'டன்மோர் டிஃபென்ஸை எவனாலயும் உடைக்க முடியாது'ன்னு சொல்லிடு. தாத்தா சரின்னுடுவாரு. தாத்தா சரின்னா அப்பா மறுபேச்சு பேசமாட்டாரு."

தாத்தா டெல்பர்ட், ஹார்லனின் மாமனார். தொண்ணூறு வயது. சக்கர நாற்காலியில் பச்சைப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். மைதானத்துச் சத்தம் ஆகாது என்று காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார். அடுப்புப் புகை நேராக அவர் முகத்துக்குத்தான் போனது. இருமினாரே தவிர இடம் மாற மறுத்துவிட்டார். அங்கிருந்துதான் அடுப்பில் வேகும் இறைச்சி உருளைகள், அந்த சாசேஜ்கள், நன்றாகத் தெரிந்தன.

அடுப்பின்மேல் பதினோரு சாசேஜ். அவைதான் டன்மோரின் டிஃபென்ஸ், தடுப்பு வரிசை. எதிரே பாதி கருகிய ஒரு மக்காச்சோளக் கதிர். அது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆஷ்பிக்காரன்.

ஹார்லன் இடுக்கியால் தட்டிக் காட்டினார். "முன்னால நாலு, நடுவுல மூணு, பின்னால நாலு. இரும்புச் சுவர். உங்க ஆளு எங்கப்பா நுழைவான்?"

"நல்லாத்தான் இருக்கு சார்" என்றான் வெண்டல்.

"நல்லாத்தானா? இந்த வருஷம் எங்க இடது பக்கமா எவனாவது ஓடியிருக்கானா, சொல்லு?"

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம், பாவம். "ஓடலைதான். இதுவரைக்கும் நீங்க மோதினது நாலும் நோஞ்சான் டீம் சார்."

டார்சி கண்களை மூடிக்கொண்டாள்.

"உங்க இடது ஓரத்து ஆளு, பந்து அசைஞ்சாலே உள்பக்கம் பாய்றான். ஓரம் அப்படியே திறந்து கிடக்கு." வெண்டல் கதிரை அந்த ஓரமாகச் சுற்றி உருட்டிக் காட்டினான்.

ஹார்லன் ஓரத்து சாசேஜை அவசரமாக நகர்த்தினார். "அவன் திரும்பி வந்துடுவான்!"

"எப்படி வருவான்? இருக்கிறதிலேயே குண்டா ஒண்ணை அங்க வெச்சிருக்கீங்க!"

"டேய், அது சாசேஜ்!"

"உங்க ஆளும் அப்படித்தான் சார்!"

அப்போது பக்கத்து வண்டி நாய் எங்கிருந்தோ வந்து, எம்பி, அந்தக் குண்டு சாசேஜைக் கவ்விக்கொண்டு ஓடியது.

"பாருங்க சார்" என்றான் வெண்டல். "நாய்கூட இடது பக்கமாத்தான் நுழையுது."

கிழவர் நாற்காலிக் கையை ஓங்கித் தட்டினார். "போதும் விளையாட்டு! அந்த வாக்கியத்தைச் சொல்லச் சொல்லு மாப்ளே. நம்ம வீட்டுக்குள்ள வர்றவன் அதைச் சொல்லிட்டுத்தான் வரணும்."

சரியாக அந்த நேரம் ஆஷ்பியின் வாத்தியக் கோஷ்டி தங்கள் கல்லூரிப் பாட்டை முழக்கியபடி சாலையில் போனது. ஹார்லன் முகத்தைத் திருப்பி, சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சனியன் பிடிச்ச புகை" என்றார். கிழவர் இருமிக்கொண்டே இருந்தார்.

வெண்டல் டார்சியைப் பார்த்தான். சொல்லிவிடேன் என்று அவள் கண்கள் கெஞ்சின. ஒரு வாக்கியம். அதற்கப்புறம் ஆயுசுக்கும் அவள்.

"டன்மோர்..." வந்துவிட்டது. "டிஃபென்ஸை..." அதுவும் வந்துவிட்டது. அடுத்த சொல்லுக்கு வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றான். மூன்றாவது தடவை உதடுகூட அசையவில்லை.

"என்னால முடியலை டார்சி" என்றான், அழாத குறையாக.

கிழவர் காதருகே கையைக் குவித்தார். "வாயசைக்கிறான். என்ன சொல்றான்? சொல்லிட்டானா?"

ஹார்லன் குனிந்து மாமனாரின் காதுக்குள் கத்தினார். "சொல்லிட்டான் மாமா! ரெண்டு தடவை சொல்லிட்டான்!"

கிழவர் முகம் மலர்ந்தது. "அப்போ கல்யாணத்துக்கு நாள் பாரு மாப்ளே. ஆட்டம் இல்லாத சனிக்கிழமையாப் பாரு!"

ஒன்றும் புரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, டார்சி அவரை மைதான வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

வெண்டல் அடுப்பு முன்னால் அப்படியே நின்றான். "சார்... நான் சொல்லலையே."

"தெரியும்." ஹார்லன் இடது ஓரத்தில் புது சாசேஜ் ஒன்றை வைத்தார். நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "முப்பத்தொரு வருஷம் முன்னாடி, இதே அடுப்புகிட்ட நின்னு, நான் சொல்லித் தொலைச்சுட்டேன்."

சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துவிட்டு, வெண்டலின் ஆரஞ்சுச் சட்டைக் கையை இரண்டு விரலால் மெல்லத் தொட்டார்.

"உள்ளே போனதும், எனக்கும் சேர்த்துக் கத்துடா."