பொருந்தாத புள்ளிகள்

கணினித் திரையின் இடப்பக்கப் படத்தில், முட்டம் கலங்கரை விளக்கத்தின் முன்னால் ஜெபினின் மனைவி ஷைனி சிரித்துக்கொண்டிருந்தாள். வலப்பக்கப் படத்தை, அவளை அடக்கம் செய்த பிறகு, ஜெபின் அதே இடத்தில் நின்று எடுத்திருந்தான். இரண்டு படங்களிலும் ஒன்றுபோல் இருக்கும் புள்ளிகளைத் தேடி, கோடு போட்டு இணைப்பது அவன் எழுதிய நிரல். ஜன்னலிலிருந்து ஜன்னலுக்கும் பாறையிலிருந்து பாறைக்கும் பச்சைக் கோடுகள் ஓடின. ஷைனியிடமிருந்து ஒன்றுகூடக் கிளம்பவில்லை. பொருத்தத்தின் கண்டிப்பைக் கொஞ்சம் தளர்த்தினான். அவள் மூக்குக்கண்ணாடியின் ஓரத்திலிருந்து ஒரு கோடு புறப்பட்டு, அலை நுரையில் போய் முடிந்தது. இன்னும் தளர்த்தினான். சேலைப் பூக்கள் பாறைப் பாசியைப் பிடித்தன. தோடு தூரத்துப் படகைப் பிடித்தது.

“லே மக்கா, எல்லாம் தப்பாட்டுல்லா ஒட்டுகு. வடிகட்டித் தள்ளுடே,” என்றான் அலுவலகத்தில் பக்கத்து இருக்கை வினிஸ்டன்.

“ஒட்டட்டும்டே,” என்றான் ஜெபின். வலப்பக்கத்தில் ஷைனியின் கோடு விழாத இடம் இன்னும் கொஞ்சம் இருந்தது.