ஆளுக்கொரு மரம்

ஏரிக் கொக்குகள் விடியலில் ஒரே மரத்தில் கூடிச் சூரியனைப் பாடித் தொழும். ஒரு வருஷம் கொள்ளைநோய் வந்தது. ஏரிக் காவலனான நீர்நாய், "இனி ஆளுக்கொரு மரம். கூடக் கூடாது" என்று உத்தரவு போட்டது.

"மீன் பிடிக்கும் துறையில் மட்டும் கூடலாமா?" என்றது வெண்ணி என்ற கொக்கு.

"அது பசிக்கு."

"எங்களுக்கு இதுவும் பசிதான்."

நீர்நாய் தலைகுனிந்தது. "நேற்று உன் தம்பியைப் புதைத்தேன். இன்னொரு குழி தோண்ட என்னால் ஆகாது, அக்கா."

மறுநாள் பனிமூட்டத்தில், தனி மரத்திலிருந்து வெண்ணி முதல் வரியைப் பாடியது. எதிர்க்கரை மரம் அடுத்த வரியைப் பாடியது. பிறகு வேறொரு மரம். தம்பி வழக்கமாகப் பாடும் வரி வந்ததும் ஏரியே அமைதியானது.

தண்ணீருக்குள்ளிருந்து நீர்நாய் கரகரத்த குரலில் அதைப் பாடியது.