காது கொடுத்துக் கேட்பவர்

பகலெல்லாம் பருந்துக்குப் பயந்து வளைக்குள் கிடந்த வெள்ளெலி, பொழுது சாய்ந்ததும் வரப்பின் மேல் ஏறி நின்றது. எதிரே வேலிக்கல்லில் ஆந்தை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது.

“போகாதே மச்சான். அதுவும் நம்மைத் தின்கிற கூட்டம்தான்” என்றது வளைக்குள்ளிருந்த சுண்டெலி.

“சும்மா இரு மாப்ளே. பருந்து நம்மைப் பார்க்கும், கேட்குமா? ஐயா கேட்பார். முகமே ஒரு பெரிய காது மாதிரி இருக்கு பார்.”

வெள்ளெலி தொண்டையைச் செருமிக்கொண்டது. “ஐயா, போன வாரம் பருந்து என் ரெண்டு பிள்ளைங்களையும் தூக்கிட்டுப் போயிருச்சு. நீங்கதான் நியாயம் கேக்கணும்.”

ஆந்தை தலையை மெல்லச் சாய்த்தது. “இருட்டிக்கிட்டு வருது. எங்கேயிருந்து பேசுறீங்கன்னு சரியாத் தெரியல. இன்னொரு தடவை சொல்லுங்க.”

வெள்ளெலிக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் பேச்சை இரண்டாம் முறை கேட்க விரும்பியவர் இதுவரை யாருமில்லை. பிள்ளைகளின் பெயர், வயது எல்லாம் சேர்த்து விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தது.

பாதியில் பேச்சு நின்றது. இறகடிக்கிற சத்தம்கூட வரவில்லை. சுண்டெலி எட்டிப் பார்த்தபோது வரப்பும் காலி, வேலிக்கல்லும் காலி.

“நான்தான் தப்பா நினைச்சுட்டேன்” என்றது அது, உள்ளேயிருந்த மற்ற எலிகளிடம். “கையோடு கூட்டிட்டுப் போய் விசாரிக்கிறார். நாளைக்கு நான் போறேன். என் குறை இதைவிட நீளம்.”