ஊரடங்கில் ஓடிய பஸ்

ஊரடங்கு வந்ததும், மாமனாரைக் கவனித்துக்கொண்டிருந்த ஆள் வராமல் நின்றுவிட்டார். வெளியூரில் இருந்த மகனாலும் வர முடியவில்லை. மருமகள்தான் ஒரு பையில் துணிமணிகளைத் திணித்துக்கொண்டு, நடந்தே வந்து சேர்ந்தாள்.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மறதி நோய் அவரை மறுபடியும் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தது. ஹாலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, சாப்பிட வாங்க."

"வண்டி ஓடும்போது சாப்பிடுவாங்களா? நீ முதல்ல டிக்கெட் வாங்கும்மா."

அவள் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "ஸ்டாப் வந்தாச்சு மாமா. டிரைவரே சாப்பிடப் போயிட்டார், பாருங்க."

"அப்படியா? சொல்லவே இல்ல!" என்று கை கழுவிக்கொண்டு வந்தார். ஊட்டிவிட்டவளை உற்றுப் பார்த்தார். "என் மருமகளும் உன்னை மாதிரிதான். பயங்கரக் கெட்டிக்காரி."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

மாலையில் மகன் போன் செய்தான். "அப்பா எப்படி இருக்கார்?"

"ஜம்முனு இருக்கார். மாஸ்க் போடாதவங்களை பஸ்ல ஏத்த மாட்டேங்கறார்."

அவன் சிரிக்கவில்லை. "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன்னைக் கேக்கறதுன்னுதான் நான் கூப்பிடல. நீயாவே வந்து நிக்கறே. நமக்கு விவாகரத்து ஆகி ஒரு வருஷம் ஆச்சு. இதெல்லாம் நீ செய்யணும்னு என்ன இருக்கு?"

"நான் விவாகரத்து வாங்கினது உங்ககிட்டேருந்துதான். மாமாகிட்டேருந்து இல்லையே" என்றாள் அவள். "அவர் கூப்பிடறார், வெச்சிடறேன்."