ஐந்தாவது பிரஷ்

"வீட்டுல எத்தனை பேருன்னு வாயைக் கேக்காதீங்க, பிரஷ்ஷைக் கேளுங்க!"

ஆபீஸில் பொன்செல்வி அடிக்கடி அடிக்கும் டயலாக் இது. மனுஷ வாய் பொய் சொல்லுமாம், பல் தேய்க்கிற பிரஷ்ஷுக்கு அந்த வித்தை தெரியாதாம்.

மாதுங்காவில் அவள் வேலை பார்க்கும் டிரஸ்ட், வாடகை கட்ட முடியாமல் தெருவுக்கு வரப்போகிற குடும்பங்களுக்கு ஒரு வருஷ வாடகையைக் கட்டும். வீட்டை நேரில் பார்த்து, தகுதி உண்டா இல்லையா என்று செல்போனில் அழுத்துவது பொன்செல்வி. பத்து வருஷ அனுபவம். யாரும் அவளை ஏமாற்றியதில்லை. அவளைக் கேட்டால் அவளே சொல்வாள்.

அன்று தாராவியில் பூலோகத்தின் வீடு. வீடென்ன வீடு, 'கோலி' என்று அங்கே சொல்லும் ஒரே ஒரு அறை. பெல்ட் பட்டறையில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போன பூலோகம், நாலு மாசமாகப் படுத்த படுக்கை. சனிக்கிழமைக்குள் காலி பண்ணச் சொல்லி வீட்டு ஓனர் கெடு வைத்துவிட்டார்.

"ஃபார்ம்ல நாலு பேருன்னு போட்டிருக்கு. நீங்க, உங்க வீட்டுக்காரர், ஸ்கூல் போற ரெண்டு பசங்க. சரிதானே?"

"சரிதாம்மா," என்றாள் அவன் மனைவி செண்பகவல்லி. சொல்லும்போதே பார்வை தரைக்குப் போனது.

விடுவாளா பொன்செல்வி? நேராக மூலையில் இருந்த மோரிக்குப் போனாள். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மூலைதான். மேலே பலகையில் ஒரு பிளாஸ்டிக் தம்ளர், அதில் பிரஷ்கள். எண்ணினாள். ஐந்து!

ஐந்தாவதை உருவி எடுத்தாள். காம்பில் பிளாஸ்திரி சுற்றி, பேனாவால் 23 என்று எழுதியிருந்தது.

"இது யாரோடது?"

"எங்க பொண்ணோடதும்மா."

"பேரு?"

"சஃபீனா."

பொன்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூலோகத்துக்கும் செண்பகவல்லிக்கும் பொண்ணு சஃபீனாவா? காதுல பூ சுத்த வேற ஆள் கிடைக்கலையாம்மா உங்களுக்கு?"

"நான் பெக்கலம்மா. ஆனா எங்க பொண்ணுதான். ரேஷன் கார்டுல பேரு இல்லாதவங்களை எழுதக் கூடாதுன்னு ஃபார்ம்ல போட்டிருந்துச்சு, அதான் எழுதல."

"அப்ப நம்பர் எதுக்கு? எத்தனை பொண்ணுங்களுக்கு இப்படி நம்பர் போட்டு இடம் விடறீங்க? ஒரு பக்கம் உள்வாடகை, இன்னொரு பக்கம் டிரஸ்ட் காசா?"

"ஐயோ, சத்தியமா அஞ்சு பைசா வாங்கலம்மா!" பாயில் கிடந்த பூலோகம் எழப் பார்த்தான். முடியவில்லை. வலியில் முனகியபடி மறுபடி சாய்ந்தான்.

"அவ தண்ணி பிடிக்கப் போயிருக்கா. இப்ப வந்துருவா. யாரு எவருன்னு நான் சொல்லுதேன், கொஞ்சம் கேளுங்கம்மா..." செண்பகவல்லி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மாதிரி கதை எவ்வளவோ கேட்டாச்சு. இன்னும் ஆறு வீடு பார்க்கணும் நான்."

கையை உதறிவிட்டு அழுத்தினாள். 'தகுதி இல்லை.'

அனுப்பினால் அனுப்பியதுதான். ஒரு வருஷத்துக்கு அந்தக் குடும்பம் மறுபடி கேட்க முடியாது. மாற்றி எழுதப் பொன்செல்வியாலும் முடியாது.

"சனிக்கிழம நாங்க எங்கம்மா போவோம்?" செண்பகவல்லி அப்படியே சுவரோடு உட்கார்ந்து அழுதாள். பொன்செல்விக்கு அழுகையெல்லாம் பழகிப்போன சமாச்சாரம்.

அந்த நேரம் பார்த்து, தண்ணீர்க் கேனோடு குனிந்து உள்ளே வந்தாள் ஒரு பெண். செண்பகவல்லி அவசரமாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வந்தவளின் முகம் மலர்ந்தது. "அரே, மேடம்! நீங்களா வந்திருக்கீங்க?"

எங்கேயோ பார்த்த முகம். எங்கே?

"என்னைத் தெரியலையா மேடம்? பதினெட்டு முடிஞ்சிடுச்சுன்னு செம்பூர் அநாதைப் பிள்ளைங்க ஹோம்லேருந்து வெளிய அனுப்பிட்டாங்க, தங்க இடம் வேணும்னு போன மாசம் உங்க ஆபீஸ் வந்தேனே!" அவள் பார்வை பொன்செல்வியின் கைக்குப் போனது. வெட்கத்தோடு சிரித்தாள். "என் பிரஷ். ஹோம்ல என் நம்பர் இருபத்திமூணு. புதுசு வாங்கினாலும் கை தானா எழுதிடுது."

பொன்செல்வி பிரஷ்ஷை மெல்லத் தம்ளரில் திரும்ப வைத்தாள்.

"அன்னிக்கு உங்க ஆபீஸ் படிக்கட்டுல உக்காந்து அழுதுட்டிருந்தேன். ஃபார்ம் வாங்க வந்த இந்த அம்மாதான் 'எழுந்திரு, வா'ன்னு இங்க கூட்டிட்டு வந்தாங்க."

கேனை இறக்கி வைத்துவிட்டு, சஃபீனா ஆசையோடு கேட்டாள்:

"தனி ஆளுக்கு டிரஸ்ட் உதவாது, முதல்ல ஒரு குடும்பத்தைத் தேடிக்கோன்னு சொன்னீங்களே. தேடிக்கிட்டேன் மேடம். இப்ப எங்களுக்குக் கிடைச்சிடும்ல?"