முதல் கவளம்

ராசா முகர்ந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, முன்னங்காலை நீட்டிப் படுத்துவிட்டது.

இலையில் சாமைச் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. மேலே மொச்சைக் குழம்பு. அர்த்தனாரிக்கு வாயில் எச்சில் ஊறியது. விழுங்கிக்கொண்டார்.

"எடுத்துக்கிட்டுப் போ" என்றார் கண்ணாயியிடம்.

ஆறு நாளாக இதே கதைதான்.

சர்க்கார் காட்டுக்கு எல்லைக்கல் நடக் கொல்லிமலைக்கு ஏறிவந்த அளவைக்காரர் அவர். காளப்பநாயக்கன்பட்டிக்காரர். அடிவாரத்திலேயே தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டுதான் ஏறினார். மலைக்காரர் ஆக்கிய எதிலும் முதல் கவளம் கூட வந்த நாய் ராசாவுக்கு. நாய் தின்று, கால் நாழிகை உயிரோடிருந்தால் மிச்சம் தனக்கு. சோற்றில் மருந்து வைப்பதில் இந்த ஜனத்தை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சங்கதி.

கண்ணாயியைச் சமையலுக்கு அமர்த்தியவர் ஊர்க்கவுண்டர். புருஷன் செத்து மூன்று வருஷம். அவன் விட்டுப்போன துண்டுச் சாமைக்காட்டைத் தவிர அவளுக்கு வேறு பிடிப்பில்லை.

"நாயி எதுக்குங்க சாமி? நானே ஒரு வாய் தின்னு காட்டறனுங்க" என்று முதல் நாளே சொன்னாள்.

அர்த்தனாரிக்குச் சிரிப்பு வந்தது. வைக்கத் தெரிந்தவளுக்கு முறிக்கத் தெரியாதா? அதுவும் போக, இவள் கை வைத்துத் தின்ற சோற்றில் தான் கை வைப்பதா? அதற்கு நாய் வாய் வைத்தது எவ்வளவோ மேல்.

முதல் நான்கு நாள் ராசா இலையைக்கூட விடாமல் நக்கியது. அவரும் வயிறாரத் தின்றார். பதினான்கு கல் நட்டாயிற்று.

நான்காம் நாள் சாயங்காலம், இலையிலிருந்து நிமிராமலே சொன்னார்.

"பதினஞ்சாவது கல்லு உன் காட்டுக்குக் கீழண்டை விழுகுது. காடு சர்க்காருக்குள்ள போயிரும்."

"கதிரு பால் புடிச்சு நிக்குதுங்களே, சாமி."

"அதுக்கு? கல்லுக்குக் கண்ணா இருக்குது, கதிரைப் பார்த்து ஒதுங்கி விழ?"

அவள் நாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ராசா நல்லாச் சாப்புடறாருங்க" என்றாள் கடைசியில்.

நாய்க்குக்கூட மரியாதை போட்டுப் பேசுகிற ஜனம்! இதுகளுக்கு நிலம் ஒரு கேடு என்று நினைத்துக்கொண்டு கை கழுவினார்.

மறுநாள் காலையிலிருந்து ராசா தின்னவில்லை.

அர்த்தனாரி எதையும் முறையாகச் செய்பவர். நாட்குறிப்பை எடுத்து நாயின் நோய்க்குறிகளை வரிசையாக எழுதினார். பொழுது விடியும்போதே எங்கோ ஓடிப்போகிறது, வெயில் ஏறித்தான் திரும்புகிறது. புல் தின்று விஷத்தைக் கக்கப் போகிறது போலும். திரும்பியதும் மயங்கிப் படுக்கிறது. ஏப்பம் விடுகிறது. வயிறு உப்பியிருக்கிறது. கோழிக்கறியை மூக்குக்கு நேரே நீட்டினாலும் அசைவதில்லை. கீழே, 'சந்தேகமில்லை' என்று எழுதிக் கோடு போட்டார்.

ஆளை மாற்றிப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பாப்பாயி களி கிண்டிக் கொண்டுவந்தாள். ராசா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஊரே கூட்டு என்று தெரிந்துபோயிற்று.

கட்டிக்கொண்டு வந்த அவலும் வெல்லமும் மூன்று நாள் தாங்கின. பிறகு வெறும் சுனைத் தண்ணீர். அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேடேறினால் கண் இருட்டியது. பதினைந்தாவது கல் அவர் தங்கியிருந்த சாவடி வாசலிலேயே கிடந்தது. அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு ராசா தூங்கியது.

இன்று இலையைத் திருப்பி அனுப்பிய கையோடு பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார். அறிவுள்ள ஒரு மிருகம் ஆறு நாளாகச் சொல்கிறது. அதைக் கேட்காமல் இந்தக் காட்டுஜனத்தின் கையால் சாக அவருக்குத் தலையெழுத்தா?

கண்ணாயி சாவடிப் படியோரம் நின்றிருந்தாள்.

"மறுக்கா எப்பங்க சாமி வருவீங்க?"

"மழை முடிஞ்சு தையில வருவேன். போலீசோட வருவேன். அப்பத் தெரியும் உங்க வண்டவாளம்."

"வாங்க சாமி. அதுக்குள்ள நாங்க கதிர அறுத்துப் போட்டுருவோமுங்க."

அவர் பெட்டி சுமக்கிறவன் முன்னால் இறங்க, நாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

"போயிட்டு வாங்க, ராசா" என்று அவள் குரல் கேட்டது.

அர்த்தனாரி திரும்பிப் பார்த்துக் கம்பீரமாகத் தலையசைத்தார். போகிற நேரத்திலாவது மரியாதை வந்ததே.

ராசா கயிற்றை அறுக்கிற வேகத்தில் இழுத்துக்கொண்டு அவளிடம் ஓடியது. அவள் உள்ளங்கையை நக்கியது. புறங்கையை நக்கியது. முந்தானை முடிச்சுக்குள் மூக்கை நுழைத்தது. மருந்து வைத்த கையையே நக்குகிற நன்றிகெட்ட பிராணியை அவர் தரதரவென்று இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

இரண்டாவது வளைவில் நாய்க்கு இருமல் வந்தது. கழுத்துப் பட்டை சதைக்குள் பதிந்து இறுக்கியது. உட்கார்ந்து, பட்டையை இரண்டு துளை தளர்த்திவிட்டார்.

எழுந்தபோது கால்சட்டை நழுவியது. தன் இடுப்பு வாரை இரண்டு துளை இறுக்கிக்கொண்டார்.

பிறகு நாட்குறிப்பை எடுத்து, மறந்துபோகுமுன் கடைசிக் குறியையும் எழுதினார்:

'மருந்தின் வேகத்தால் நாய்க்கு உடம்பெல்லாம் வீக்கம்.'